637411: ஓர் அஞ்சல் எண்ணைப் பகுத்துப் பார்த்தல்

(கொல்லிமலை, வளப்பூர் நாட்டில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பகா எண்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இன்று நமக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதற்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். கேட்க வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணோடு நீங்களும் நானும் உட்கார்ந்து ஒரு கணக்கும் போட முடியாது. ஆகவே நம் கைக்கு எட்டும் எண் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அறப்பளீசுவரர் கோயிலுக்கு வரும் கடிதத்திலும், செம்மேட்டுக் கடைக்கு வரும் பார்சலிலும் எழுதியிருக்கும் எண் அது. கொல்லிமலையின் அஞ்சல் குறியீட்டு எண்: 637411.

இது பகா எண்ணா, பகு எண்ணா?

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்கம் தெரியும். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐவிடப் பெரிய எண் பகா எண். 1-ஐவிடப் பெரிய மற்ற எண்கள் பகு எண்கள். எந்தப் பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுதிவிடலாம். அதுவும் ஒரே ஒரு வகையில்தான் எழுத முடியும். மலையேறும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் 70. அதை நீங்கள் 7 × 10 என்று தொடங்கினாலும், நான் 2 × 35 என்று தொடங்கினாலும் இருவரும் வந்து சேரும் இடம் 2 × 5 × 7. இதைத்தான் மேல்வகுப்பில் அடிப்படை எண்ணியல் தேற்றம் என்கிறோம். 1-ஐப் பகா எண் பட்டியலில் சேர்க்காததற்கும் இதுவே காரணம். சேர்த்தால், எத்தனை 1 வேண்டுமானாலும் பெருக்கி எழுதலாம். ‘ஒரே வகை’ என்பது போய்விடும்.

70-ஐப் பகுக்க ஒரு மூச்சு போதும். 637411 அப்படி இணங்காது. பார்ப்போம்.

ஒற்றைப்படை எண், 2 போயிற்று. இலக்கங்களின் கூட்டுத்தொகை 22, 3 போயிற்று. 1-இல் முடிகிறது, 5 போயிற்று. இனி 7. இங்கே ஒரு குறுக்கு வழி உண்டு. 7 × 11 × 13 = 1001. அதனால் ஓர் ஆறிலக்க எண்ணின் முன் மூன்று இலக்கங்களிலிருந்து பின் மூன்று இலக்கங்களைக் கழித்துப் பார்த்தாலே 7, 11, 13 மூன்றையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடலாம். 637-இலிருந்து 411 போனால் 226. இந்த 226-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2, 11-ஆல் வகுத்தால் 6, 13-ஆல் வகுத்தால் 5. ஆகவே மூன்றுமே காரணிகள் ஆகா. ஒரு கழித்தலில் மூன்று வகுத்தல்கள் மிச்சம்.

அடுத்து 17-இலிருந்து 97 வரை 19 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதுதான். 17-க்கு மீதி 13. 19-க்கு மீதி 18. 23-க்கு மீதி 12. இப்படியே 97 வரை போனாலும் எதுவும் சரியாக வகுக்காது. 100-க்குள் இருக்கும் 25 பகா எண்களும் தோற்றுவிட்டன. இந்த இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் பென்சிலை வைத்துவிட்டு, “சார், இது பகா எண்தான்” என்று சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எண்ணை இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரித்து எழுதுங்கள்: 63, 74, 11. முதல் இணையையும் கடைசி இணையையும் கூட்டுங்கள். 63-உம் 11-உம் சேர்ந்தால் 74. அதுவே நடு இணை! இப்படி வந்தால் அந்த எண் 101-ஆல் மீதியின்றி வகுபடும். ஏன்? 100 என்பது 101-ஐவிட ஒன்று குறைவு. 10000 என்பது 101-இன் மடங்கான 9999-ஐவிட ஒன்று கூட. ஆகவே 101-ஆல் வகுக்கும்போது 63 பத்தாயிரங்கள் 63-ஆகக் கூடும். 74 நூறுகள் 74-ஆகக் கழியும். 11 அப்படியே நிற்கும். 63 − 74 + 11 = 0. மீதி இல்லை. வகுத்துப் பாருங்கள்: 637411 = 101 × 6311.

வேலை இன்னும் முடியவில்லை. 6311 பகா எண்ணா? மறுபடி 2, 3, 5 என்று தொடங்க வேண்டுமா? வேண்டாம். 6311-க்கு ஒரு காரணி இருந்தால் அது 637411-க்கும் காரணி. 101-க்குக் கீழே உள்ள எல்லாப் பகா எண்களும் 637411-இடம் ஏற்கெனவே தோற்றவை. ஆகவே 6311 உடைய வேண்டுமானால், 101-உம் அதற்கு மேலும் உள்ள இரண்டு பகா எண்களாகத்தான் உடைய வேண்டும். அப்படிப்பட்ட இரண்டைப் பெருக்கினால் குறைந்தது 101 × 101 = 10201 வரும். 6311 அதைவிடச் சிறியது. எனவே 6311 பகா எண். ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் நிறுவிவிட்டோம்! கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று: தோற்றுப்போன அத்தனை வகுத்தல்களும் கடைசியில் ஒரு நிரூபணமாக எழுந்து நிற்கின்றன. எதுவும் வீண்போகவில்லை.

மலையை விட்டு இறங்கினால் நாமக்கல். அதன் தலைமை அஞ்சலக எண் 637001. இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். 637000 என்பது 7 × 7 × 13 × 1000. ஆகவே 637001-ஐ 2, 5, 7, 13 எதனால் வகுத்தாலும் மீதி 1. நான்கு எண்கள் பார்த்த பார்வையிலேயே விலகிவிடுகின்றன. மற்றவற்றைச் சோதிக்க வேண்டும். எதுவரை? 799-இன் வர்க்கம் 638401. அது நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 798 வரை உள்ள பகா எண்கள் போதும். அவை மொத்தம் 139. அத்தனையையும் சோதித்தால் எதுவும் வகுப்பதில்லை. நாமக்கல்லின் எண் பகா எண். கொல்லிமலையின் எண் பகு எண்.

இவ்வளவு நேரம் இந்த இரண்டு எண்களோடு நின்றதற்குக் காரணம் உண்டு. நம் பாடநூல்களில் காரணிச் செடி போடக் கொடுக்கும் எண்களைப் பாருங்கள்: 60, 72, 84, 120, 144. எல்லாமே 2, 3, 5, மிஞ்சினால் 7 என்று சொன்னபடி உடைந்துவிடும் எண்கள். பிள்ளைகள் அவற்றைப் போட்டுப் போட்டு, எண் என்றால் இப்படித்தான் உடையும் என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் எண்களில் மிகப் பெரும்பான்மை அப்படி உடைவதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

எளிதில் உடையும் எண்கள் பொருளற்றவை என்று சொல்லவில்லை. நம் முன்னோர் அவற்றைத் தேடிப் பிடித்து அளவைகளாக வைத்தார்கள். திண்ணைப் பள்ளியில் படித்த நெல்லிலக்க வாய்பாட்டை நினைத்துப் பாருங்கள். 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. பெருக்கினால் ஒரு நாழிக்கு, அதாவது ஒரு படிக்கு, 14400 நெல். அதன் பகாக் காரணிகள்: ஆறு 2, இரண்டு 3, இரண்டு 5. மொத்தம் பத்துப் பகா எண்கள் அந்த ஓர் எண்ணுக்குள் இருக்கின்றன. அதற்கு 63 வகுஎண்கள். இரண்டு பேர், மூன்று பேர், நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு, பதினைந்து பேர் என்று யார் வந்தாலும் ஒரு படியை நெல் எண்ணிப் பிரித்துவிடலாம். ஏழு பேர் வந்தால் முடியாது. ஆளுக்கு 2057 நெல் கொடுத்த பின் ஒரு நெல் மிஞ்சும். 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம் என்று மேலே போனாலும் ஏழு உள்ளே வராது. ஒரு கலத்துக்கு 1382400 நெல். ஏழு பேருக்குப் பிரித்தால் 5 மிஞ்சும். எண்ணுக்குள் இல்லாத பகாக் காரணியை எவ்வளவு பெரிய அளவையும் கொண்டுவந்து சேர்த்துவிடாது.

பின்னங்களிலும் இதே சிக்கல் வந்தது. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. 320-இல் ஆறு 2, ஒரு 5. ஆகவே அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி எல்லாம் முந்திரிக் கணக்கில் துல்லியமாக வரும். மூன்றில் ஒரு பங்கு வராது. 320-இல் 3 இல்லை. முந்திரியையே மறுபடி 320-ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி. அதிலும் 3 இல்லை, 7 இல்லை. அதற்கும் கீழே என்ன செய்தார்கள் பாருங்கள். கீழ்முந்திரியை 21-ஆகப் பிரித்து அதற்கு இம்மி என்று பெயர் வைத்தார்கள். 21 என்பது 3 × 7! இதுவரை நுழையாத இரண்டு பகா எண்களும் ஒரே படியில் உள்ளே வந்துவிட்டன. இப்போது மூன்றில் ஒன்று சரியாக 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி. ஏழில் ஒன்று சரியாக 45 முந்திரி, 228 கீழ்முந்திரி, 12 இம்மி. வீட்டுக்குப் போய்ச் சரிபாருங்கள், மீதியே வராது. 21-ஐத் தேர்ந்தவர்கள் இதை மனத்தில் வைத்தே தேர்ந்தார்கள் என்பது என் ஊகம். அந்த எண் தற்செயலாக அங்கே வந்து உட்கார்ந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இப்படி நிறைய வகுஎண்கள் கொண்ட எண்களை முழுதாக ஆராய்ந்தவர் நமக்கு மிக அருகில் இருப்பவர். ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். அவர் குடும்பத்தின் தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுஎண்கள் கொண்ட எண்களைப் பற்றியது. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும் அந்த வரிசையில் நம் செவிட்டின் 360-உம் இருக்கிறது. அதற்கு 24 வகுஎண்கள். 360-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. அந்த ஆராய்ச்சிக்காகத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது.

அடுத்து அவர் செய்தது இன்னும் ஆழமானது. 1917-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியோடு சேர்ந்து, ஒரு சாதாரண எண்ணுக்கு எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்று கேட்டார். விடை நம் எதிர்பார்ப்பைப் புரட்டிப்போடுகிறது. எண்ணின் மடக்கைக்கு மடக்கை எடுத்தால் வருவதை ஒட்டியே அந்த எண்ணிக்கை அமையும். திரும்பத் திரும்ப வரும் காரணிகளைத் தனித்தனியாக எண்ணினாலும் இதே முடிவுதான். மடக்கையை மறந்துவிட்டுப் பலனை மட்டும் கேளுங்கள்: ஆயிரம் கோடியை ஒட்டிய எண்களுக்கு ஏறத்தாழ 3; 80 இலக்கங்கள் கொண்ட எண்களுக்குக்கூட ஏறத்தாழ 5. இதோடு பத்துப் பகாக் காரணிகள் கொண்ட 14400-ஐ ஒப்பிடுங்கள். அது எவ்வளவு அரிய எண் என்பது விளங்கும். நம் 637411-க்கு இந்தக் கணக்குப்படி இரண்டரை வர வேண்டும்; இருப்பது இரண்டு. அது ஊர் உலகத்தில் உள்ள பெரும்பாலான எண்களைப் போன்றது. பாடநூலின் 72-உம் 120-உம்தான் விதிவிலக்குகள்.

இராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729-ஐச் சொல்வார்கள். இலண்டனில் மருத்துவமனையில் இருந்தவரைப் பார்க்க ஹார்டி வந்த வாடகைக் காரின் எண். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண்: 1-இன் கனமும் 12-இன் கனமும், 9-இன் கனமும் 10-இன் கனமும். நான் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவது இதன் அடுத்த படி. இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையை, அந்த எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் வகுக்கும். முதல் வகையில் 1 + 12 = 13. இரண்டாம் வகையில் 9 + 10 = 19. ஆகவே 1729-ஐ 13-உம் வகுக்கும், 19-உம் வகுக்கும். 13 × 19 = 247; மிச்சம் 7. இதோ 1729 = 7 × 13 × 19. ஓர் எண்ணை இரண்டு வகையில் எழுதத் தெரிந்ததும் அதன் காரணிகள் தாமாக வெளியே வந்துவிட்டன.

இன்னொரு தமிழ்நாட்டுக் கணித அறிஞரை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை. குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் 1901-இல் பிறந்த சு. சி. பிள்ளை என்னும் சிவசங்கரநாராயண பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1940-இல் எளிய ஒரு கேள்விக்கு விடை கண்டார். அடுத்தடுத்த எண்கள் சிலவற்றை எடுத்தால், மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது அவற்றில் இருக்குமா? 16 எண்கள் வரை எங்கே எடுத்தாலும் இருக்கும் என்று நிறுவினார். 17 எண்கள் எடுத்தால் அது உடைகிறது. 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள். இரட்டைப்படை எண்களுக்கு 2 பொது. 2187, 2193, 2199 மூன்றுக்கும் 3 பொது. 2185, 2195 இரண்டுக்கும் 5 பொது. 2191 என்பது 7 × 313. அது 2184-ஓடு சேரும். 2197 என்பது 13-இன் கனம். அதுவும் 2184-ஓடு சேரும். மிஞ்சுவது 2189; அது 11 × 199, கடைசியில் நிற்கும் 2200-ஓடு சேர்ந்துவிடும். 17 எண்களில் ஒன்றுகூடத் தனித்து நிற்கவில்லை. இதைச் சரிபார்க்க ஏழாம் வகுப்புக் கணக்கு போதும். கண்டுபிடிக்க ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. 1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்காவுக்குப் புறப்பட்ட அவர் சென்ற விமானம் எகிப்தில் விழுந்து நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது 49. அவர் பெயர் நம் பள்ளிச் சுவர்களில் இருக்க வேண்டும்.

பெரிய எண்களுக்கு வருவோம். ஓர் எண் பகா எண்ணா என்று அறிவது வேறு வேலை. அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு ஐயத்துக்கு இடமில்லாத, விரைவான பொது வழி ஒன்றை 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் கண்டார்கள். பின்னவர் இருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்த இளைஞர்கள். அவர்கள் வழியில், ஓர் எண் பகு எண் என்று தெரிந்துவிடும். காரணி எது என்று தெரியாது. இரண்டாம் வேலைக்கு இன்றைய கணினிகளில் ஓடக்கூடிய அப்படி விரைவான வழி எதுவும் இன்றுவரை யாருக்கும் தெரியாது. 1977-இல் உருவான ஆர்.எஸ்.ஏ. என்னும் மறைமுறை இந்த இடைவெளியின்மீதுதான் நிற்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடிக்கணக்கு. பெருக்கிய பின் அவற்றைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. சோதனைக்காக வெளியிடப்பட்ட 250 இலக்க எண் ஒன்று 2020 பிப்ரவரியில்தான் உடைந்தது. அதற்குப் பல கணினிகள் சேர்ந்து உழைத்தன. இம்முறையில் இன்று பரவலாக வழக்கில் உள்ள சாவி எண்களுக்கு 617 இலக்கங்கள். இணையத்தில் செல்லும் எத்தனையோ செய்திகளும் கையொப்பங்களும் அந்த எண்கள் உடையாது என்ற நம்பிக்கையில்தான் போய்வருகின்றன.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள். காரணிச் செடி பாடம் நடத்தும் வாரத்தில் 72-ஐப் போட்டு முடித்ததும், கரும்பலகையில் 637411-ஐ எழுதுங்கள். விடையைச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். 19 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பகா எண்ணாக 17 முதல் 97 வரை பிரித்துக் கொடுங்கள். “எனக்கு மீதி வருது சார்” என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்வதைப் பட்டியலில் எழுதுங்கள். வகுபடாமல் போனதும் ஒரு விடைதான் என்று அவர்கள் உணரட்டும். அடுத்த வாரம் 17 பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு 2184-இலிருந்து ஓர் எண் கொடுத்து, தன்னோடு பொதுக் காரணி உள்ள தோழரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். இதற்குக் கணினி வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். தாளும் பென்சிலும் பொறுமையும் போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். 8633. இது இரண்டு பகா எண்களின் பெருக்கல். இரண்டும் 100-ஐவிடச் சிறியவை. 2, 3, 5 என்று கீழிருந்து வகுத்துக்கொண்டு போனால் 23 பகா எண்கள் தோற்ற பிறகுதான் விடை கிடைக்கும். அப்படிப் போனாலும் தவறில்லை. ஆனால் 8633-ஐ அதற்குச் சற்று மேலே உள்ள வர்க்க எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்தால் இரண்டே வரிகளில் முடிந்துவிடும். கண்டுபிடித்தவர்கள் விடையை மட்டும் எழுதாமல், எந்த வழியில் போனீர்கள் என்பதையும் எழுதி உங்கள் கணக்கு ஆசிரியரிடம் கொடுங்கள்.